சோறு தனியாக, மீன் தனியாகச் சாப்பிட்டால் உண்மையிலேயே நன்றாகச் செரிக்குமா?

உப்புவெளிக்காரி

வணக்கம். அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தம் வந்து கன வருடம், கிளினிக் மருந்து ஒழுங்காக எடுக்கிறார். சில மாதங்களாகச் சாப்பிட்டு எழும்பியதும் வயிறு ஊதிக்கொண்டு வருகிறது, நாலு வாய் சாப்பிட்டதுமே நெஞ்சு மட்டும் நிறைந்துவிட்டது என்கிறார், புளித்த ஏப்பம் வேறு. ஓமவாட்டரும் இஞ்சிச் சாறும் குடித்துப் பார்த்தார், அந்த நேரத்துக்குக் கேட்கும், அடுத்த நாள் பழையபடிதான். இந்த நிலையில் கொழும்பில் இருக்கிற சித்தி ஒரு யூடியூப் வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மாச்சத்துள்ள சாப்பாட்டையும் புரதச் சாப்பாட்டையும் ஒரே நேரத்தில் சாப்பிடக்கூடாதாம், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 மணித்தியாலம் விட வேண்டுமாம், பழம் என்றால் வெறும் வயிற்றில் பழம் மட்டுமாம், சாப்பாட்டுக்குப் பிறகு பழம் சாப்பிட்டால் அது வயிற்றுக்குள்ளேயே அழுகிவிடுமாம்.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இப்போது காலையில் பப்பாசிப்பழம் மட்டும். மத்தியானம் சோறும் கத்தரிக்காய், பயற்றங்காய் போல ஏதாவது மரக்கறியும். பருப்புக்கூட வேண்டாம், அதில் புரதம் இருக்கிறது என்கிறார். இரவுக்கு மீன், மீன் மட்டும். பாரைமீன் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, துண்டை எடுத்து முள்ளு நீக்கிச் சாப்பிட்டுவிட்டு மிச்சக் குழம்பை அப்படியே வைத்துவிடுகிறார். ஒரு பிடி பிட்டுப் போட்டுக் குழைத்துச் சாப்பிடுங்கள் அம்மா என்றால், வேண்டாம் பிள்ளை, பிறகு செரிக்காது என்று எழும்பிவிடுகிறார்.

வயிறு லேசாக இருக்கிறது என்று அவரே சொல்வதால் எனக்கு எதிர்த்துக் கதைக்கவும் முடியவில்லை. ஆனால் சட்டையெல்லாம் தொளதொளக்கிறது, முகம் வாடிவிட்டது, காலை பத்துப் பத்தரைக்குக் கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்று கதிரையில் சாய்ந்துவிடுகிறார். உடம்பு புதுப் பழக்கத்துக்கு வரும்வரை அப்படித்தான் இருக்கும் என்று வீடியோவில் சொன்னார்களாம். இப்படிப் பிரித்துச் சாப்பிடுவதில் உண்மை ஏதாவது இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு அம்மாவிடம் கதைக்க வேண்டும்.

சீனக்குடாத் தம்பி

அக்கா, அம்மாவைத் தடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். புரதம் செரிக்க அமிலம் வேண்டும், மாச்சத்துச் செரிக்கக் காரம் வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், சாப்பாடு செரிக்காமல் வயிற்றில் கிடந்து புளிக்கும். இது நேற்று யாரோ யூடியூப்பில் கண்டுபிடித்ததும் இல்லை, வில்லியம் ஹவார்ட் ஹே என்ற அமெரிக்க வைத்தியர் நூறு வருடத்துக்கு முன்பே சொல்லி, பலர் பின்பற்றிய முறை. நம்முடைய ஆட்களும் மீனும் தயிரும் சேர்க்காதே, மீனும் பாலும் சேர்க்காதே என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்?

எனக்கு நேரடியாகவே பலன் தெரிந்தது. முன்பு வேலை முடிந்து வரும்போது கடையில் கோழிக் கொத்து கட்டிக்கொண்டு வருவேன், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிவில் நித்திரையே வராது. இப்போது மத்தியானம் சோறும் மரக்கறியும், இரவில் ஏழு மணிக்கே இறைச்சி அல்லது மீன், பக்கத்தில் வெள்ளரிக்காய், வல்லாரைச் சம்பல், அவ்வளவுதான். நெஞ்செரிவு போய்விட்டது, வண்டியும் வற்றிவிட்டது. அம்மா மெலிவதும் கெட்ட கொழுப்புக் கரைவதாக இருக்கலாம்.

நிலாவெளி நேர்ஸ்

தங்கச்சி, சாப்பாட்டுக் கதையைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம். காலை பத்து மணிக்குக் கை நடுங்கி வேர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பழக்கம் என்று விட வேண்டாம். அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து என்ன குளிசை என்று பாருங்கள். மெற்போமின் மட்டும் என்றால் சீனி அப்படிச் சட்டென்று இறங்குவது குறைவு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் என்று ஏதாவது எழுதியிருந்தால், அல்லது இன்சுலின் போடுகிறார் என்றால், அந்த மருந்து அம்மா என்ன சாப்பிட்டார் என்று பார்த்து வேலை செய்யாது. இடியப்பமோ பாணோ சாப்பிடுவார் என்ற கணக்கில் தந்த அளவு அது. அதைப் போட்டுவிட்டு நாலு துண்டு பப்பாசிப்பழத்தோடு மத்தியானம் மட்டும் இருந்தால் சீனி இறங்கத்தான் செய்யும்.

வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் நடுக்கம் வரும் நேரம் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தரம் கொடுங்கள், ஏறியதும் சோறோ பாணோ சாப்பிட வையுங்கள். மீற்றர் இல்லையென்றால் பார்த்துக்கொண்டு இருக்காமல் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும், சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

தம்பி, உங்களுக்குச் சுகமாக இருப்பது சந்தோஷம், ஆனால் நீங்கள் குளிசை போடாத இளம் ஆள். சீனி வருத்தம் உள்ள வயதான ஒருவர் காரணம் தெரியாமல் மெலிந்தால் அதை நல்லது என்று எடுக்கவே கூடாது.

உப்புவெளிக்காரி

அக்கா, கொப்பியில் மெற்போமின், கிளிக்லசைட் இரண்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் மீற்றர் வாங்கி இன்று பத்து மணிக்குப் பார்த்தோம், 61. சீனித் தண்ணீர் கொடுத்து, பிறகு இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட வைத்தேன், நடுக்கம் நின்றுவிட்டது. மிகவும் நன்றி. கிளினிக் திகதி மட்டும் காத்திருக்கப் போவதில்லை, நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆனாலும் அம்மா, காலையில் வேண்டுமானால் சாப்பிடுகிறேன், சோறும் மீனும் மட்டும் சேர்க்க மாட்டேன் என்று நிற்கிறார். தம்பி சொன்ன அமிலம், காரம் விஷயத்தை அந்த வீடியோவிலும் சொல்கிறார்கள். அது சரியா, பிழையா?

கொட்டியாரக்கரை

மகள், நான் மூதூர்ப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், இந்தக் கேள்வியை மாணவர்களும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று முறிக்கும் என்பது உண்மை. ஆனால் நம் உடம்பில் அவை இரண்டும் ஒரே இடத்தில் நின்று மல்லுக்கட்டுவதில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெவ்வேறு இடத்தில் வேலை செய்கின்றன. சோற்றை மெல்லும்போதே எச்சிலில் உள்ள அமிலேசு என்ற நொதியம் மாச்சத்தை உடைக்கத் தொடங்கும். இரைப்பைக்குள் போனதும் அமிலம் ஊறி அதை மெல்ல மெல்ல நிறுத்திவிடும், அங்கே பெப்சின் என்ற இன்னொரு நொதியம் புரதத்தைப் பிடிக்கும். இரைப்பை அமிலம் ஊறுவது நீங்கள் மீன் சாப்பிட்டதாலோ சோறு சாப்பிட்டதாலோ என்று பார்த்து இல்லை, வெறும் சோறு சாப்பிட்டாலும் அமிலம் வரும். ஆக, சோற்றைத் தனியாகச் சாப்பிட்டால் இரைப்பை காரமாக இருக்கும் என்ற எண்ணமே தொடக்கத்தில் பிழைத்துப் போகிறது.

பெரிய வேலை நடப்பது அதற்குப் பிறகுதான். இரைப்பையின் அடி வாய் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடாது, கூழாக அரைபட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்சிறுகுடலுக்கு விடும். அந்த அமிலக் கூழ் குடலின் சுவரில் பட்டதும் செக்கிரிட்டின் என்ற ஓமோன் இரத்தத்தில் இறங்கி, சதையிக்கு, அதாவது கணையத்துக்குப் போய், பைகாபனேற்று என்ற காரத்தை அனுப்பு என்று சொல்கிறது. லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் 1902இல் கண்டுபிடித்த விஷயம் இது. ஓமோன் என்று ஒன்று இருப்பது உலகத்துக்குத் தெரிய வந்ததே இந்தச் சாப்பாட்டு வேலையை ஆராயப் போய்த்தான். சதையி அனுப்பும் காரச் சாறு அமிலத்தை அங்கேயே தணித்துவிடும். கவனியுங்கள், அந்தச் சாற்றில் மாச்சத்துக்கு அமிலேசு, கொழுப்புக்கு இலிப்பேசு, புரதத்துக்கு திரிப்சினோசன், கைமோதிரிப்சினோசன் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. சதையி நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் இந்தச் சாற்றைச் சுரக்கிறது, சோற்றுக்கு ஒரு சாறு மீனுக்கு ஒரு சாறு என்று அதற்கு இரண்டு குழாய் கிடையாது. கலந்து வரும் சாப்பாட்டைச் செரிப்பதற்கென்றே அமைந்த உறுப்பு அது.

பிரிக்க வேண்டும் என்கிறவர்கள் சாப்பாட்டையே வடிவாகப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை. மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம், பாதிக்கு மேல் மாச்சத்து. அதை எப்படிப் பிரிப்பீர்கள்? அரிசியிலேயே 100 கிராமுக்கு 7 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் வெல்லமும் புரதமும் கொழுப்பும் கலந்துதான் இருக்கிறது, பிறந்த குழந்தை அதைச் செரிக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் இத்தனை வருடமும் சோறு, பருப்பு, தயிர் என்று மூன்றையும் குழைத்துத்தானே சாப்பிட்டிருப்பார், அப்போதெல்லாம் இந்த ஊதல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அதோடு, பிரித்தால் கையில் இருக்கிற நன்மையும் போய்விடும். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகளால் ஆனது. அவற்றில் இலைசீன் அரிசிப் புரதத்தில் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெதியோனீன் அரிசியில் உண்டு. பொன்னாங்காணிச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் அந்த விற்றமின் சி கீரையின் இரும்பை உடம்பில் ஏற்றிவிடும், பக்கத்தில் ஒரு மீன் துண்டு இருந்தால் இன்னும் ஏறும். கீரையிலும் பூசணியிலும் உள்ள கரோட்டீன் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், தேங்காய்ப்பூ அதைத் தருகிறது. பிரிக்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்வதானால் சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்ரீயைச் சொல்வேன், தேயிலை அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் நல்லது.

பழம் அழுகும் கதைக்கு ஒரே வரிதான்: அவ்வளவு அமிலத்தில் கிருமிகள் பெருகி எதையும் அழுக வைக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. வாயு உண்டாவது பெரும்பாலும் பெருங்குடலில், சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தப்பிப் போகிற மாச்சத்தைக் கிருமிகள் புளிக்க வைப்பதால்.

சீனக்குடாத் தம்பி

ஐயா, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் என் நெஞ்செரிவு போனது பொய்யில்லையே? நான் மட்டுமில்லை, எங்கள் கந்தோரில் இன்னும் இரண்டு பேர் இதே முறையில் மெலிந்திருக்கிறார்கள். காரணம் பிழையாக இருந்தாலும் பலன் இருக்கிறதே.

கொட்டியாரக்கரை

பலன் உண்மைதான் தம்பி, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதையே திரும்ப வாசித்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு எண்ணெயில் கொத்திய ரொட்டி ஒரு பெரிய பார்சல், சாப்பிட்ட உடனே படுக்கை. இப்போது ஏழு மணிக்கு மீனும் வெள்ளரிக்காயும். கொழுப்புக் கூடினால் இரைப்பை காலியாக நேரம் எடுக்கும், நிறைந்த இரைப்பையோடு படுத்தால் அமிலம் மேலே வரும். அந்த இரண்டும் உங்களிடம் மாறிவிட்டது. அதே ஏழு மணிக்கு மீனோடு இரண்டு இடியப்பம் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், நெஞ்செரிவு திரும்ப வராது என்றே நினைக்கிறேன்.

மெலிவதைப் பற்றி ஒரு ஆய்வே இருக்கிறது. ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் உடல் பருமனான 54 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பிரித்துச் சாப்பிடும் முறை, மற்றப் பகுதிக்குக் கலந்த சாப்பாடு, இரண்டு பக்கமும் நாளுக்கு ஒரே 1100 கலோரி, 6 வாரம். 2000ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. பிரித்துச் சாப்பிட்டவர்கள் சராசரி 6.2 கிலோ குறைந்தார்கள், கலந்து சாப்பிட்டவர்கள் 7.5 கிலோ, கணக்குப்படி அது பொருட்படுத்தக் கூடிய வித்தியாசம் இல்லை. மெலிய வைத்தது குறைந்த சாப்பாடு. பிரித்துச் சாப்பிடும்போது குழைத்துச் சாப்பிடுகிற ருசி போய்விடுகிறது, தானாகவே குறைவாகச் சாப்பிடுகிறோம். உங்கள் வயதில் வண்டி வற்றுவது நல்லதுதான், இந்த மகளுடைய அம்மாவுக்கு அது சதை குறைவதாகப் போய் முடியும்.

கொட்பேக் கரையான்

மீனும் தயிரும் என்று கதை வந்ததால் நானும் எழுதுகிறேன், மீன் யாவாரம்தான் எங்கள் தொழில். மீன் சாப்பிட்டுவிட்டு முகம் சிவந்து, உடம்பு முழுக்கக் கடித்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கேட்டால் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில், தயிரும் சாப்பிட்டார், அதுதான் என்பார்கள். தயிர் பாவம். சூரை, கும்பளா, சாளை போல மீன்களில் ஹிஸ்டிடீன் என்ற சத்து அதிகம். மீனைப் பிடித்ததிலிருந்து ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால் கிருமி அதை ஹிஸ்டமீனாக மாற்றிவிடும். அந்த ஹிஸ்டமீன்தான் கடியையும் சிவப்பையும் தருகிறது. பயங்கரம் என்னவென்றால் அது உண்டான பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது, மணமும் காட்டிக் கொடுக்காது. சில நேரம் நாக்கில் மிளகு கடித்தது போல ஒரு சுணை தெரியும், தெரிந்தால் துப்பிவிட வேண்டும்.

ஆகவே தயிரைத் தள்ளி வைப்பதால் ஒன்றும் நடக்காது, ஐஸைப் பாருங்கள். கரையில் இறக்கும்போதும் 4 பாகைக்கு மேல் ஏறக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியிலும் ஏறக்கூடாது. மோட்டார்சைக்கிள் கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சந்தியில் நின்று ஒரு மணித்தியாலம் கதைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும், முக்கியமாகச் சூரை வாங்கியவர்கள். வாங்கினால் நேரே வீட்டுக்குப் போய் வெட்டிக் குளிரில் வையுங்கள். அப்படி யாருக்காவது கடித்து மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

மீனும் பாலும் சேர்ந்தால் வெண்குட்டம் வரும் என்பதும் உண்மையில்லை, அது தோலுக்கு நிறம் கொடுக்கிற கலங்களை உடம்பே தாக்குவதால் வருகிற வருத்தம் என்று என் மச்சாளுக்குத் தோல் வைத்தியர் விளக்கிச் சொன்னார். எத்தனை பிள்ளைகளை அந்தப் பேச்சு வருத்தியிருக்கிறது.

தம்பலகாமத்து அக்கா

தங்கச்சி, மற்றதை அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் அடுப்படிப் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாமியாருக்கும் இதே ஊதல் இருந்தது. சோற்றையும் மீனையும் பிரிக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தோம்.

கடலை, பயறு, உளுந்து என்றால் இரவே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள், வாயு தருகிற சர்க்கரை அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும். மைசூர்ப் பருப்பை வடிவாகக் கழுவி, நன்றாகக் கரைய அவித்தால் போதும், கல்லுக் கல்லாக விட வேண்டாம். வெங்காயம், உள்ளி இரண்டும் சிலருக்கு நன்றாக ஊத வைக்கும். என் மகள் மெல்பேர்னில் இருக்கிறாள், அங்கே மொனாஷ் பல்கலைக்கழகத்தில்தான் இந்த மாதிரி வாயு தருகிற மாச்சத்துகளையெல்லாம் அளந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள், கொஞ்ச வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கச் சொல்வார்கள். மாமியாருக்கு வெங்காயம் ஒத்துவரவில்லை, உள்ளி ஒத்துவந்தது. சம்பலுக்கு வெங்காயத்தை விட்டுவிட்டு வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியை மட்டும் அரிந்து போட்டோம், ருசியும் கெடவில்லை.

பிறகு பால்மா ரீ. வயது போகப் போகப் பாலில் உள்ள வெல்லத்தை உடைக்கிற சக்தி கன பேருக்குக் குறைந்துவிடும். எங்கள் பக்கத்து எருமைத் தயிர் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, உறையும்போதே அந்த வெல்லம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. பால் ரீயை நிறுத்தி ஒரு கிழமை பாருங்கள், சும்மா பார்க்கிறதுதானே. தேங்காய்ப்பாலில் முதற்பாலைக் குறைத்து, இரண்டாம் பாலில் சொதி வையுங்கள், பின்னேரத்தில் பாரம் தெரியாது.

நிலாவெளி நேர்ஸ்

கிளினிக் போக முன் இதையும் வாசித்துவிடுங்கள் தங்கச்சி. அம்மாவின் ஊதலுக்கு அவருடைய குளிசையே காரணமாக இருக்கலாம். மெற்போமின் பலருக்கு ஊதல், வயிற்றோட்டம், ஓங்காளம் தரும். வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம், சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட வேண்டும். காலையில் பழத்தோடு மட்டும் போட்டாரா என்று கேளுங்கள். அதே மருந்து மெல்ல மெல்லக் கரைகிற வகையாகவும் வருகிறது, வயிற்றுக்கு அது இதமாக இருக்கும், வைத்தியர் விரும்பினால் மாற்றுவார். கன வருடம் மெற்போமின் எடுக்கிறவர்களுக்கு விற்றமின் பி12 குறைவதும் உண்டு, அதையும் ஒருதரம் கேளுங்கள். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம், கிளிக்லசைட்டின் அளவை மட்டும் 61 காட்டியதைச் சொல்லி உடனே கேளுங்கள்.

இன்னொன்று, நாலு வாயில் நெஞ்சு மட்டும் நிறைந்துவிடுகிறது என்றீர்கள். சீனி வருத்தம் நாட்பட்டால் இரைப்பையை அசைக்கிற நரம்பு பழுதாகி, சாப்பாடு இறங்க நேரம் எடுக்கலாம். அப்படி இருந்தால் மருந்து நேரத்துக்கும் சாப்பாடு உறிஞ்சப்படும் நேரத்துக்கும் பொருந்தாமல் சீனி ஏறி இறங்கும். அவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தரம், எண்ணெயும் நாரும் குறைத்து, நன்றாக மசித்து. அம்மா இப்போது வயிறு லேசாக இருக்கிறது என்று சொல்வதன் காரணமும் இதுவாக இருக்கலாம், ஒரு நேரத்துக்குப் போகிற அளவு குறைந்திருக்கிறதே. அந்தக் குறைந்த அளவை வைத்துக்கொண்டு, பிரிப்பதை மட்டும் விட்டுவிடலாம்.

மெலிந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள், போன தடவை கொப்பியில் எழுதிய நிறையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா, விழுங்கும்போது தடக்குகிறதா, திரும்பத் திரும்பச் சத்தி வருகிறதா, இரத்தம் குறைவா என்று கேட்பார்கள், அதில் ஒன்று இருந்தாலும் கமரா விட்டுப் பார்க்க அனுப்புவார்கள், பயந்து மறுக்க வேண்டாம்.

அம்மா பிரிப்பதில் பிடிவாதமாக நின்றால் அவருக்குப் பிரயோசனமான ஒரு வரிசையைச் சொல்லிக் கொடுங்கள். நியூயோர்க்கில் மெற்போமின் எடுக்கும் 11 சீனி வருத்தக்காரருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2015இல் வெளிவந்தது. மரக்கறியும் கோழியும் முதலில், பாணும் தோடம்பழச் சாறும் 15 நிமிடம் கழித்து என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணித்தியாலத்தில் பார்த்த சீனி 37 வீதம் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் செய்து பார்ப்பதில் செலவில்லை. கீரையும் மீனும் நாலைந்து வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரட்டும். அதே இருப்பில், அதே கோப்பையில். மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள்.

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வரிசையாகச் சாப்பிடுவது அவருக்குப் பிடித்துவிட்டது, மத்தியானம் முருங்கையிலைச் சுண்டலும் மீனும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒரு அகப்பைச் சோற்றுக்கு அந்தக் குழம்பை விட்டுக் குழைத்தார். ஊதல் இருந்தது, முந்தியதைவிடக் கூட இல்லை. காலையில் குளிசையைப் பழத்துக்கு முன்பே, வெறும் வயிற்றில்தான் போட்டிருக்கிறார், கேட்டபோதுதான் சொன்னார். பப்பாசிப்பழத்தை மட்டும் விட முடியாதாம், சாப்பாட்டோடு சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னார்.

நிலாவெளி நேர்ஸ்

தாராளமாகச் சாப்பிடலாம். இடியப்பமோ பாணோ சாப்பிட்ட பிறகு, ஒரு சின்னக் கிண்ணம் அளவு, சீனி தூவாமல், சாறாக அடிக்காமல். தேசிக்காய் இரண்டு சொட்டு விட்டால் நன்றாக இருக்கும். நாளைக்குப் போகும்போது கொப்பி, குளிசைப் பைகள், மீற்றரில் பார்த்ததை எழுதிய துண்டு மூன்றையும் கொண்டுபோங்கள், பையில் கொஞ்சம் சீனியும் வைத்திருங்கள், வரிசையில் நிற்க நேரமாகும்.